கப்பலில் எல்லாம் வந்தது, அஞ்சடி வரவில்லை: பினாங்குத் தெருவும் நம் செட்டிநாட்டு வீதியும்

ஜனவரி 4: வாசகர் கேள்வி

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு போகிறோம். தண்ணீர்மலை கோவில், வெள்ளி ரதம் எல்லாம் பார்த்தது போக ரெண்டு நாள் கையில் மிச்சம் இருக்கிறது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களைச் சுற்றிப் பாருங்கள் என்கிறார்கள். நமக்கு எதுக்கு அது? கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இல்லாத பழைய வீடா? பர்மா தேக்கும் இத்தாலி சலவைக்கல்லும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பேசாமல் லங்காவித் தீவுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

தம்பி, லங்காவியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு நாளையும் ஜார்ஜ் டவுனுக்கே கொடுங்கள்.

நம் ஊர் வீடு மாதிரி வீடு அங்கே கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே இருக்கிற தெரு நம் ஊரில் கிடையாது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டுச் சுவரை ஒட்டி மத்தியான வெயிலில் நடந்து பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். இடையில் நூறு, நூற்றைம்பது அடிக்கு வெறும் சுவர். நிழல் இல்லை, உட்கார இடம் இல்லை, ஒரு பெட்டிக்கடை கூட இல்லை. உள்ளே நுழைந்தவனுக்குத்தான் முகப்பு, பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். தெருவில் போகிறவனுக்கு அந்த வீட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பினாங்கில் கதையே வேறு. கீழே கடை, மேலே குடித்தனம். அகலம் பதினைந்து, இருபது அடிதான், உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளம் அவ்வளவு. ஆனால் உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். கீழ்த்தளத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டி, மாடியை அதன்மேல் முன்னால் நீட்டி, வாசலில் கூரை போட்ட மாதிரி ஒரு நடை விட்டிருப்பார்கள். பக்கத்து வீடும் அப்படியே, அதற்கடுத்த வீடும் அப்படியே. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெயிலும் மழையும் படாமல் நடந்துவிடலாம். அங்குள்ள நம் ஆட்கள் அதை அஞ்சடி என்பார்கள். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருக்கு.

அதைப் பார்க்கத்தான் போகச் சொல்கிறேன்.

ஜனவரி 5, காலை

அப்படி விடச் சொல்லி யார் விதி போட்டது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, தெருவோரக் கட்டடம் ஒவ்வொன்றும் முன்னால் கூரையுள்ள நடை விடவேண்டும், அது எந்நேரமும் திறந்திருக்கவேண்டும், வரிசை அறுபடக்கூடாது என்று வைத்தார். பினாங்கில் அது நகராட்சி விதியாக இறுகியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்.

விதி போட்டால் எல்லாரும் கேட்டுவிடுவார்களா? கடைக்காரர்கள் மூட்டையையும் கூடையையும் நடையில் பரப்பினார்கள். சிங்கப்பூர் நகராட்சி அகற்றப் பார்த்தது. 1888 பிப்ரவரியில் கடையடைப்பு, கல்வீச்சு என்று ஊரே ரெண்டுபட்டது. ஐந்தடி அகலத்துக்காக ஒரு நகரம் கலவரம் வரை போயிருக்கிறது என்றால், அந்த இடம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் பாருங்கள். இன்றைக்கும் சூலியா தெருவில் நடந்தால் நடுவில் மோட்டார் பைக் நிற்கும், மேஜை கிடக்கும், கேஸ் சிலிண்டர் நிற்கும். சாலையில் இறங்கி ஏறித்தான் போகவேண்டும். அந்த இழுபறி இன்னும் முடியவில்லை.

ஜனவரி 5, மதியம்

எப்படிப் பார்ப்பது என்று தம்பி கேட்டதற்கு.

காலை ஏழு மணிக்கே இறங்கிவிடுங்கள், கடைக் கதவு திறக்கிற நேரம். முதலில் தரையைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்குத் தனக்குப் பிடித்த ஓடு பதித்திருப்பார், அதனால் இருபது அடிக்கு ஒரு தடவை காலுக்கடியில் தரை மாறும். மட்டமும் மாறும், சின்னப் படி வரும், வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். கதவோரம் தரையோடு தரையாக ஒரு சிவப்பு மாடம் இருக்கும், ஊதுவத்தி புகையும். மண்ணுக்குரிய காவல் தெய்வம். நம் ஊரில் வாசல் நிலைக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைக்கிற இடத்தில் அவர்கள் கீழே குனிந்து கும்பிடுகிறார்கள்.

அப்புறம் எதிர்ச்சாரிக்குப் போய் மாடியைப் பாருங்கள். ஜன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட துளைகள் வௌவால் வடிவில் இருக்கும். அவர்களுக்கு வௌவால் அதிர்ஷ்டம். கூரை முகட்டில் பூவும் பறவையும் தெரியும். அது உடைந்த பீங்கானைக் கத்தரித்துச் சுண்ணாம்பில் பதித்த வேலை.

ஒன்பதரைக்கு மேல் வெயிலும் சுற்றுலாப் பேருந்தும் சேர்ந்து வந்துவிடும்.

ஜனவரி 7

ரெண்டு நாளாக மனதில் ஓடுவதை எழுதிவிடுகிறேன்.

பினாங்குத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது, இப்போது லெபு பினாங் என்பார்கள். நம் செட்டியார்கள் வட்டித் தொழிலுக்குக் கிட்டங்கி வைத்திருந்த தெரு. கிட்டங்கி என்பது பெரிய மாளிகை ஒன்றும் இல்லை, அதே கடைவீடுதான். நீளக் கூடம். ரெண்டு பக்கச் சுவரோரமும் விலாசத்துக்கு, அதாவது ஒவ்வொரு தொழில் நிறுவனத்துக்கும், ஒன்றாக மரப்பெட்டி, சாய்வு மேசை, பாய். பகலில் அந்தப் பாயில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. பின்னால் எல்லாருக்கும் பொதுவாகச் சமையல். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பியவர்கள் நம் ஐயாமார்கள். கப்பலேறிய நாளிலிருந்து திரும்பும் வரைக்கும் அவர்களுக்கு வீடு என்றால் அந்த இருபதடிக் கூடமும் வாசலில் இருந்த அஞ்சடியும்தான். சாயங்காலம் கணக்கை மூடிவிட்டு வெளியே வந்து அந்த நடையில்தான் நின்றிருப்பார்கள். சூலியா முஸ்லிம் கடைக்காரர், சீனத் தச்சர், கரும்புச்சாறு விற்கிறவர் எல்லாரும் அவர்கள் தோளை உரசிப் போயிருப்பார்கள்.

அப்படி இருந்துவிட்டு ஊருக்கு வந்து என்ன கட்டினார்கள்? பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது, பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு, ஜப்பான் ஓடு எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. அந்த அஞ்சடி மட்டும் வரவில்லை. தெருவோடு கலந்து வாழ்ந்துவிட்டு வந்தவர்கள், தெருவுக்கு முதுகைக் காட்டுகிற வீட்டைக் கட்டினார்கள்.

குறை சொல்லவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். வருடக்கணக்கில் பாயளவு இடத்தில் படுத்தெழுந்த மனுஷனுக்கு, எவன் கண்ணும் படாத முற்றம் ஒன்று வேண்டும் என்று தோன்றாதா?

ஜனவரி 8

ஆச்சி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "நம் வீட்டுத் திண்ணை யாருக்காம்? வழிப்போக்கர்களுக்குத்தானே கட்டினார்கள்?"

ஆச்சி சொல்வது நியாயம். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் திண்ணை தெருவை ஒட்டியே இருந்தது. கணக்குப்பிள்ளை ஒரு பக்கம் உட்கார்ந்து எழுத, மறுபக்கம் ஊர் ஊராகப் போகிறவன் துண்டை விரித்துத் தூங்கினான். தண்ணீர்ப் பந்தல் போட்டதும் அங்கேதான். ஆனால் திண்ணை உட்காருவதற்கு, அஞ்சடி நடப்பதற்கு. ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்கு நடந்து போக முடியாது. பூம்புகாரில் கடல் கொண்டுபோன நினைவில் தரைமட்டத்தை உயர்த்திக் கட்டினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அவரவர் வசதிக்கு உயர்த்தியதில் ஒரு திண்ணை இடுப்பளவு, அடுத்தது மார்பளவு.

இன்னொன்று. 1900-க்குப் பிறகு கட்டிய பெரிய வீடுகளைப் பாருங்கள். முன்னால் மதில் வந்துவிட்டது, இரும்புக் கேட் வந்துவிட்டது, திண்ணை உள்ளே நகர்ந்துவிட்டது. கானாடுகாத்தான் அரண்மனை 1912, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941. மேலே கஜலட்சுமி, சுதையில் பொம்மைகள், கைப்பிடிச் சுவரில் வேலைப்பாடு என்று முகப்பு உயர உயர, வழிப்போக்கன் தள்ளித் தள்ளிப் போய்விட்டான்.

ஜனவரி 9

திண்ணை பற்றி இன்னும் கொஞ்சம். நேற்று பள்ளத்தூர் போயிருந்தேன். மிச்சம் இருக்கிற பழைய திண்ணைகளில் பாதிக்கு மேல் கம்பி அழி அடித்திருக்கிறார்கள். தூணுக்குத் தூண் இரும்பு, அதில் ஒரு பூட்டு. ஆள் இல்லாத வீட்டில் கதவு நிலையையே பெயர்த்துக்கொண்டு போகிற காலத்தில் வேறென்ன செய்வார்கள்? அந்தத் திண்ணையில் கடைசியாக ஒருவர் படுத்து எத்தனை காலம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 11

ஓட்டுக் கதை ஒன்று. இதைச் சொல்லாமல் இந்த இழை முழுசாகாது.

எங்கள் ஐயா வீட்டு வளவில், அறைக் கதவுகளுக்கு நடுவே சுவரின் கீழ்ப்பகுதியில் ஜப்பான் பூ ஓடு பதித்திருக்கும். பச்சைப் பின்னணி, நடுவில் ரோஜா நிறப் பூ, நாலு மூலையிலும் கால் கால் பூ. நாலு ஓட்டைச் சேர்த்துவைத்தால் மூலைகளில் முழுப்பூ கிடைக்கும். பூவின் ஓரத்தில் விரல் வைத்தால் மேடாக ஒரு கோடு தட்டுப்படும். களிமண்ணை அச்சில் அழுத்தும்போதே அந்தக் கோட்டை எழுப்பிவிடுகிறார்கள். சூளையில் உருகும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அதுதான் வரப்பாக நின்று தடுக்கிறது. 1910-களிலிருந்து 30-கள் வரை ஜப்பானில் டான்டோ மாதிரியான கம்பெனிகள் இதைச் செய்து குவித்தன. நம் நாட்டுக்கென்றே சாமி படம் போட்ட ஓடும் அனுப்பினார்கள், லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணர் எல்லாம்.

அதே பூ ஓட்டை ஜார்ஜ் டவுனில் பார்த்தேன். அதே பச்சை, அதே மூலைப்பூ. எங்கே தெரியுமா? தெரு ஜன்னலுக்குக் கீழே, அஞ்சடிச் சுவரில். முழங்கால் உயரத்தில். யாரோ சைக்கிளைச் சாத்திச் சாத்தி ஒரு ஓட்டின் மூலை போய், அதில் சிமெண்ட் அடைத்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கையை அந்த மேட்டுக் கோடுகளின்மேல் ஓட்டிக்கொண்டே நடந்து போனது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் வளவு ஓட்டைத் தொட்டால் அப்பத்தா அதட்டுவார். சம்பந்தி வீட்டார் வந்தால்தான் துடைத்துக் காட்டுவார்கள். ஒரே கப்பலில் வந்திருக்கக்கூடிய ஓடு. ஒரு ஊரில் உறவுக்கு மட்டும், இன்னொரு ஊரில் போகிற வருகிற எல்லாருக்கும்.

ஜனவரி 12

"அப்போ அங்கே பெரிய வீடே இல்லையா அண்ணே?"

ஏன் இல்லை. சீன வியாபாரி சியோங் ஃபாட் ட்சேயின் மாளிகைக்குப் போங்கள், நீல வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். 38 அறை, 5 முற்றம், 220 ஜன்னல். நீலம் என்றால் பெயிண்ட் இல்லை, அவுரி நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசியது. ஈரத்தை உள்ளே பிடித்து வைக்காமல் சுவர் மூச்சுவிடும். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த ஊர்க்காரர்கள் நாம், அந்தச் சுவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். அந்த வீட்டு இரும்பு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது, தரை ஓடு ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டிலிருந்து. நம் செட்டியார்களும் அந்தச் சீன வியாபாரியும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

கூ கொங்சியையும் விடாதீர்கள். ஒரே குலத்தார் ஒரு கோவிலைச் சுற்றி வரிசை வீடுகள் கட்டி, உள்ளே போகக் குறுகலான வழி விட்ட இடம். 1901-ல் எரிந்து, 1906-ல் திரும்பக் கட்டியது. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்களில் ஒரே கோவிலைச் சேர்ந்தவர்களைப் பங்காளியாகப் பார்க்கிற நமக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊரில் வீடு திறந்தோம். ரெண்டு நாள் தூறல். முற்றத்தில் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த இழைதான் ஞாபகம்.

நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, தகரப் பீலியில் தண்ணீர் சேர்ந்து, மூலையில் அண்டாவில் கொட்டும். மிஞ்சியது முற்றத்துத் துவாரம் வழியாகத் தெருக் கால்வாய்க்கு, அங்கிருந்து ஊரணிக்கு. வருஷத்தில் ரெண்டு மூன்று மாசம் மழை பெய்கிற ஊரில் ஒரு சொட்டையும் விடாமல் ஊர்ப் பொதுவுக்குச் சேர்த்த ஏற்பாடு. தெருவுக்கு நம் வீடு ஒன்றுமே தருவதில்லை என்று 4-ஆம் தேதி எழுதினேனே, அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். நிழலைத் தரவில்லை, தண்ணீரைத் தந்தது. நம் ஊர்களில் ஜனம் கூடுகிற இடமும் அதனால்தான் வீட்டு வாசலாக இல்லாமல் ஊரணிக்கரையாக ஆனது. குளிக்க, துவைக்க, குடம் தூக்க, ஊர்வம்பு பேச எல்லாம் படித்துறைதான்.

பினாங்குக் கடைவீட்டிலும் நடுவில் வானம் பார்த்த முற்றம் உண்டு. நம் வளவில் கால்வாசி கூட இருக்காது. ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை, ஆகவே வெளிச்சமும் காற்றும் அந்த ஒரு துளை வழியாகத்தான். பல வீடுகளில் இப்போது மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிட்டார்கள். மூடாத வீடு ஒன்றில் டீ குடித்தேன். மழை வந்ததும் கடைக்கார அம்மாள் எழுந்து ஒரு பூந்தொட்டியை மட்டும் தண்ணீர் விழுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஜனவரி 19

"இவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்களே, நாம் ஏன் வைக்கவில்லை?" என்ற கேள்விக்கு.

அழகாக வைத்திருக்கிறார்கள் என்பதில் பாதிதான் சரி. மலேசியாவில் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. கூட்ட முடியாது, காலி செய்ய வைப்பதும் கஷ்டம். அதனால் தையல்காரர், சவப்பெட்டித் தச்சர், பாய் முடைகிறவர் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக நகர நடுவிலேயே இருந்தார்கள். வாடகை வராததால் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை, இடித்துக் கட்டவும் இல்லை. 2000 ஜனவரி 1-ல் கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை ஏறியது, குடித்தனங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின. 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் ஏறியபோது, பட்டியலுக்குக் காரணமான ஆட்களில் பலர் தெருவில் இல்லை. சாயம் பூசிய வீட்டில் இப்போது காபிக்கடை, சின்ன ஓட்டல்.

நம் ஊரில் வாடகைப் பிரச்சினை இல்லை, பங்குப் பிரச்சினை. ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம்! ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் டெக்சாஸில். ஓடு மாற்ற எல்லார் கையெழுத்தும் வேண்டும். முன்னோர் படைப்புக்கும் அறுபதாம் வயதுச் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறோம், மற்ற நாளெல்லாம் காவல்காரர் மட்டும். நம் ஊர்களும் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஏறினால் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஜார்ஜ் டவுனிலும் அதையே பாருங்கள் தம்பி. மாடி ஜன்னலில் துணி காய்கிற வீடு எது, இரவில் தொலைக்காட்சிச் சத்தம் வருகிற வீடு எது என்று கவனியுங்கள். அந்தத் தெருதான் இன்னும் உயிரோடு இருக்கிற தெரு.

ஜனவரி 20

சுவரோவியங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். 2012-ல் எர்னெஸ்ட் ஜக்காரெவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் குழந்தைகள் நல்ல படம்தான். நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து அதில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது போல. ஆனால் வரிசையில் நின்று போட்டோ எடுத்துவிட்டு எதிர்ச்சாரியை நிமிர்ந்து பார்க்காமலேயே போகிறார்கள். படத்துக்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஜனவரி 23

ரங்கூன் பற்றிக் கேட்டவருக்கு. மொகல் தெரு என்று நம் பெரியவர்கள் சொன்னது இப்போது ஷ்வேபோந்தா தெரு. 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டம் கட்டமாக வகுத்த நகரம். அஞ்சடி மாதிரி தொடர் நடை கிடையாது. குறுகல் அகலத்தில் நாலைந்து மாடி, லிஃப்ட் இல்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் காகிதக் கவ்வி, மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கவ்வியில் பேப்பரைச் செருகிக் கயிற்றை இழுத்துவிட்டுப் போவார், மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். தெரு நெடுகக் கயிறுகள்.

அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் கால்வாசி நம்மவர்கள் கைக்கு வந்திருந்தது. நம் வளவுத் தூண்களைத் தடவிப் பார்க்கும்போது அந்த உழவர்களின் நினைவும் வரவேண்டும் என்று நினைக்கிறேன். இதற்கு மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் எழுதுங்கள், படிக்கிறேன்.

ஜனவரி 24

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளை இனிமேல் பார்க்க முடியாது. இடித்து வாகன நிறுத்தம் கட்டினார்கள், அதையும் இடித்து இப்போது ஐம்பது மாடிக்கு மேல் ஒரு கோபுரம். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் மட்டும் 1859-லிருந்து அதே இடத்தில், கட்டடம் 1983-ல் புதிதாக எழுந்தது. லிட்டில் இந்தியா, சைனா டவுன் வரிசைகளை 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். மார்க்கெட் தெருவுக்கு அந்த வருஷம் தாமதமாகிவிட்டது.

பிப்ரவரி 6

தம்பி போய் வந்து எழுதியதைப் படித்தேன். மகிழ்ச்சி. பினாங்குத் தெரு கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்த்திருக்கிறார். சாலை நெடுகச் சீனர்கள் தேங்காயை மலை மலையாகக் குவித்து ரதத்துக்கு முன்னால் உடைத்ததை எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் அஞ்சடி முழுக்க ஜனம் நிழலில் நின்று பார்த்தது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டடத்துக்கும் திருவிழாவுக்கும் உள்ள உறவு அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் ஊரில் சாமி வீதியுலா வரும்போது நாம் எங்கே நிற்கிறோம்? நடுத்தெருவில், வெயிலில்.

பின் சந்துகளில் நடந்ததாகவும் எழுதியிருக்கிறார். அது நான் சொல்லாதது, அவராகக் கண்டுபிடித்தது. முன்பெல்லாம் மலக்கூடை எடுக்க விட்ட வழி அது. இப்போது அங்கேதான் சமையல்காரர்கள் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்கள், பூனை தூங்குகிறது, முன்வாசலில் இல்லாத பேச்செல்லாம் நடக்கிறது. நம் வீடுகளின் பின்கட்டுத் தெருவுக்கும் அதே முகம். அடுப்படிப் புகைக்கூண்டும் கிணற்றடியும் பின்தெருவில்தானே. அடுத்த தடவை காரைக்குடி வரும்போது முகப்புத் தெருவை விட்டுவிட்டுப் பின்தெருவில் சேர்ந்து நடக்கலாம் வாருங்கள்.

பிப்ரவரி 9

கடைசியாக ஒருவர் கேட்டிருக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய ஜப்பான் ஓடு கிடைக்கிறதாம், சென்னை பிளாட் சுவருக்கு நாலு வாங்கலாமா என்று.

வேண்டாம். அது ஏதோ ஒரு வளவுச் சுவரில் இருந்து பெயர்த்தது. பெயர்க்கும்போது பத்தில் பாதி உடையும், கடைக்கு வருவது மிச்சம். வாங்குகிற ஆள் இருக்கிற வரைக்கும் பெயர்க்கிற ஆளும் இருப்பான்.

ஆத்தங்குடிக்குப் போங்கள், இன்றைக்கும் கையால் ஓடு போடுகிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு கரண்டி வண்ணச் சிமெண்ட் கலவை. அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் மெல்லச் சேர்ந்துகொள்ளும், ஆனால் கலக்காது. மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கத்துக்கு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் ஓட்டின் பளபளப்பு. உங்களுக்கு வேண்டிய நிறத்தைச் சொன்னால் அதிலேயே போட்டுத் தருவார்கள், ஊறிக் காய்ந்து வர நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள். பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது, நிறம் போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு ஓட்டுங்கள். நடக்க நடக்க மினுங்கும்.

பிளாட் வாசலுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம் நாலடி இடம் இருக்கும் பாருங்கள், சங்கத்தில் கேட்டு அங்கேயும் பதியுங்கள்.